கயிற்றுக்கு அடியில் இருந்த முத்திரை

“இது எந்த ஊரு வாளுண்ணு நீ நெனைக்கே?”

ஜெயசிங் சார் இதை அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நான் பின்கட்டு வாசலில் செம்புச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கடையில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு ஆள் இல்லை. அதனால் வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. அதுவரை என்னிடம் கேட்கப்பட்டவை எல்லாம் சோறு வடித்தாயா, சாக்கு தைத்தாயா, அப்பா எங்கே என்ற வகைக் கேள்விகள்தான். நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

பதில் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதே கதைதான். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் வராது. மூன்று நாள் பெஞ்சின் மேல் நின்றேன். நான்காம் நாள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பா சிரித்தார். “சாரே, அது மீன் வெட்டுத கத்தி. முட்டத்துக்காரி ஒருத்தி நேத்து கொண்டு போட்டா. இவகிட்ட போயி கேக்கியளே. இவளுக்க பேரையே ரெண்டு தடவ கேட்டாத்தான் சொல்லுவா.”

சார் சிரிக்கவில்லை. வாளின் நடுவே கட்டைவிரலை ஓட்டினார். துருவுக்கு அடியில் ஒரு பள்ளம் பிடியிலிருந்து பாதி நீளம்வரை வாய்க்கால்போல ஓடியது. மீன் வெட்டுவதற்கு இந்தப் பள்ளம் எதற்கு முத்துநாயகம் என்று கேட்டார். சார் வேறொரு கத்தியை வாங்கிக்கொண்டு, சரஸ்வதி பூசை கழிந்து வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்து, “யோசிச்சு வை” என்றார்.

எங்கள் கடை கருங்கல் சந்தைக்குத் தெற்கே இருந்தது. பழைய இரும்பு, செம்பு, பித்தளை, பழைய பேப்பர் எல்லாம் எடுப்போம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய பழைய வீடுகளில் பாகப்பிரிவினை நடந்துகொண்டே இருந்தது. வீட்டைப் பிரிப்பார்கள், தென்னையை எண்ணிப் பிரிப்பார்கள், உருளியையும் அண்டாவையும் பிரிப்பார்கள். மச்சில் கிடக்கும் வாளை மட்டும் யாரும் பங்கு கேட்பதில்லை. அவை விறகுக் கட்டுபோல ஓலையில் சுற்றிக் கடைக்கு வரும். அப்பா எல்லாவற்றையும் ஒரே மூலையில் போட்டு, கேட்பவர்களிடம் எல்லாம் வேணாட்டு ராஜா காலத்து வாள் என்பார். வாங்க ஆள் இல்லாதவை சுயம்புலிங்கம் ஆசாரியின் உலைக்குப் போகும். போன வாரம் வாளாக வந்தது அடுத்த வாரம் பாளை அரிவாளாகப் பனையேறியின் இடுப்பில் தொங்கும்.

ஜெயசிங் சார் மலையோரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மானேஜர். அவர் பங்களாச் சுவர் முழுவதும் வாளும் கத்தியுமாக இருக்கும் என்று சொல்வார்கள். மலாய் நாட்டுக் கத்தி, அரபிக்காரர்கள் இடுப்பில் செருகும் வளைந்த கத்தி, குடகர் கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் கீழே சீட்டு எழுதி ஒட்டியிருப்பாராம். அவரிடம் ஒரு குணம் உண்டு. பொய்ச்சரக்கைக் கண்டால் சண்டை போட மாட்டார். தக்கலையில் ஒரு கடைக்காரன் ராஜாவின் பெயரைப் புதிதாகக் கொத்திய வாளை அவரிடம் நீட்டியிருக்கிறான். சார் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தாராம். லென்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தாராம். எழுந்து போய்விட்டாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கமே அவர் போனதில்லை. இதை எங்களுக்குச் சொன்னதே அப்பாதான், சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் சீட்டு எழுதுகிற வேலை உண்டு. அது யாருக்கும் தெரியாது. பழைய பேப்பரோடு வக்கீல் குமாஸ்தாக்களின் நோட்டுகள் வரும், பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றில் நான்கை எடுத்து வைத்திருந்தேன். உடைந்த அண்டா ஒன்று பின்கட்டில் கவிழ்ந்து கிடந்தது. நோட்டுகள் அதற்கடியில் இருந்தன. கடைக்கு வருகிற வாள், கத்தி ஒவ்வொன்றையும் உலைக்குப் போகும் முன்பு படம் வரைந்து, எத்தனை சாண், எங்கே வளைவு, கூர் ஒரு பக்கமா இரு பக்கமா என்று எழுதிவைப்பேன். ‘முனை அரிவாள்போல முன்னே வளைந்தது. பட்டாளத்திலிருந்து வந்தவர் போட்டது. கூர்க்காக்காரர் கத்தி.’ ‘கொம்புப் பிடி. தேய்மானம் இடப்பக்கம். வைத்திருந்தவர் இடதுகைக்காரர்.’ ‘பாம்புபோல நெளிந்தது. மலாயா தோட்டத்திலிருந்து திரும்பியவர் வீட்டில் காய் நறுக்கினார்களாம்.’ பழைய பேப்பரில் ஒருமுறை ஏதோ ஆங்கிலப் புத்தகத்தின் எட்டுத் தாள் அட்டையில்லாமல் வந்தது. அதில் ஒரு பக்கம் நிறைய வாள்கள் படமாக இருந்தன. என் படிப்பு அவ்வளவுதான். தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவேன். அந்தச் சொல்தான் நான்கு நோட்டிலும் அதிகம்.

மீன் வெட்டுகிற வாளைக் கொண்டுவந்தது விக்டோரியா. முட்டத்திலிருந்து மீன் பெட்டியைத் தலையில் சுமந்து வாரத்தில் மூன்று நாள் கருங்கலுக்கு வருவாள். அவளுக்கு அலுமினியப் பானை வேண்டும், அதற்காகப் பழைய இரும்பைக் கொடுக்க வந்திருந்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து வாளை உருவித் தராசுக்குப் பக்கத்தில் போட்டாள். அவள் மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் அதில்தான் சுறா தறிக்கிறார்களாம். இப்போது பிடி ஆடுகிறதாம். பிடி என்பது இரண்டு மரத்துண்டு, அதன்மேல் தேங்காய்த் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். மீன் எண்ணெய் ஊறி ஊறிக் கயிறு கறுத்து இரும்பைவிடக் கெட்டியாக இருந்தது. கயிறு பிடியோடு நிற்காமல் வாளின் மேலும் நான்கு விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது.

நான் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்துவிட்டாள். “என்னட்டி அப்படிப் பாக்கே? கேக்கணும்ணா கேளு. வாய்க்குள்ள நெத்திலியா வளக்கே?” என்றாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள்தான் சார் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

அவர் போன பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ‘தெரியவில்லை’ என்று நூறு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவை சொல்ல வரவில்லை. அப்பா சந்தைக்குப் போன மதியத்தில் வாளை எடுத்துப் பின்கட்டில் உட்கார்ந்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். பள்ளம் தெளிவானது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கயிற்றின் மேல் சந்தேகம். பிடிக்குத் தேவையானதைவிட அது ஏன் மேலே ஏறியிருக்க வேண்டும்? வழுக்காமல் பிடிக்க ஏற்றிக் கட்டியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. ஊசியால் முடிச்சை நெம்பி, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். கடைசிச் சுற்று வரும்போது விரல் நுனியெல்லாம் பொத்துப்போயிருந்தது.

கயிற்றுக்கு அடியில் இரும்பு புதிதுபோல இருந்தது. அத்தனை காலத்து மீன் எண்ணெய் அந்த நான்கு விரல் இடத்தைத் துரு தொடாமல் காப்பாற்றியிருந்தது. அங்கே ஒரு முத்திரை இருந்தது. ஆங்கிலத்தில் ‘வி’ எழுத்து, பெரிதாக. அதன் இடது காலின் மேல் ஒரு ‘ஓ’, வலது காலின் மேல் ஒரு ‘சி’. எல்லாவற்றுக்கும் மேலே சிறிதாக ஒரு ‘ஏ’.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கே என்று நினைவு வருவதற்குள் கை செம்புச் சாக்கை அவிழ்த்துவிட்டது. பழைய செம்போடு செல்லாக் காசுகளும் வரும். அரை மணி நேரம் கிளறி, தேய்ந்த காசு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதே ‘வி’, அதே ‘ஓ’, அதே ‘சி’. மேலே ‘ஏ’ இல்லை, கீழே ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்று ஒரு வருடம் இருந்தது. சின்னப் பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதுபோல, நோட்டின் ஒரே பக்கத்தில் இடப்புறம் வாளின் முத்திரையையும் வலப்புறம் காசையும் தேய்த்து எடுத்தேன். தேதி போட்டேன்.

இரண்டு நாள் கழித்து விக்டோரியா வந்தபோது காசை அவளிடம் நீட்டினேன். என்ன என்று கேட்கக்கூட இல்லை, நீட்டினேன், அவ்வளவுதான். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “லந்தக் காசு. எங்க ஊருல கல்லுக்கு இடையில கெடக்கும். எனக்க பிள்ள இத வச்சுத்தான் வட்டு வெளையாடும்” என்றாள்.

லந்தக்காரர்கள் என்று எங்கள் பக்கம் சொல்கிற டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து குளச்சலில் இறங்கியதையும், ராஜாவின் படையிடம் தோற்றதையும் ஆறாம் வகுப்பில் படித்திருந்தேன். குளச்சலிலிருந்து கடற்கரையோடு நடந்தால் முட்டத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். யாரோ ஒருவன் மணலில் போட்டுவிட்டுப் போனதை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டுபோய்ச் சுறா தறித்திருக்கிறார்கள். நான் சரியாகத்தான் நினைக்கிறேனா என்று கேட்க ஆள் இல்லை. சாரிடம் சொன்னால் அவர் சரி என்றோ தவறு என்றோ சொல்வார். எனக்கு அது போதும். தவறு என்று சொன்னால்கூடப் போதும்.

ஆகவே சொல்லிப் பழகினேன். பின்கட்டில் அந்த உடைந்த அண்டாவை நிமிர்த்தி, தலையை அதற்குள் விட்டு, “இது லந்தக்காரனுக்க வாளு சாரே” என்று சொல்வேன். அண்டா அதையே திருப்பி என்னிடம் சொல்லும். முதல் நாள் குரல் பூனை முனகுவதுபோல இருந்தது. பத்தாவது நாள் அம்மா வாசலிலிருந்து, யாரிடமடி பேசுகிறாய் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கயிற்றை நான் திரும்பச் சுற்றவில்லை. சார் வந்ததும் முத்திரை கண்ணில் பட வேண்டும் என்று அப்படியே சாக்கில் பொதிந்து, செம்பு மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவிழ்த்ததும் நான்தான், ஒளித்ததும் நான்தான்.

சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் எல்லாக் கடையிலும் ஒட்டடை அடிப்பார்கள். நான் அன்று வீட்டில் அம்மாவோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டும், பயறு அவித்துக்கொண்டும் இருந்தேன். பூசை நாளில் எங்கள் கடையில் ஆயுதங்களைத்தான் வரிசையாக வைப்போம். அப்பாவின் தராசு, எடைக்கல், அரம், சுத்தியல், விற்காமல் கிடக்கும் வாள், கத்தி எல்லாம். துருப்பிடித்த இரும்பைச் சாமி முன்னால் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொஞ்சம் துரு என்றால் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பார்கள். நிறையத் துரு என்றால் ஆசாரியிடம் சாணை பிடிக்கக் கொடுப்பார்கள்.

மறுநாள் காலை கடைக்குள் நுழைந்ததும் அதைப் பார்த்தேன். வரிசையின் நடுவில் இருந்தது. மற்ற எல்லா வாளையும்விட அது பளபளத்தது. செம்பு மூட்டையை நகர்த்திப் பெருக்கியபோது கிடைத்ததாம். சாக்கில் சுற்றி மறந்துபோய்க் கிடந்ததே, பாவம் என்று தனியாகச் சுயம்புலிங்கத்திடம் கொடுத்து, கூர் மட்டுமில்லாமல் தட்டைப் பக்கத்தையும் சேர்த்துச் சாணைக்கல்லில் பிடிக்கச் சொன்னாராம் அப்பா. பிடிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்.

நான் உட்கார்ந்து அந்தச் சந்தனத்தை விரலால் துடைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபக்கம் திருப்பினேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. என் முகம்தான் தெரிந்தது.

“பூசையில வச்சதத் தொடாதட்டி” என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

“அதுல ஒரு முத்திரை இருந்துது” என்றேன்.

பூசைப் பொரி வாங்கக் கடைக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக நான் பேசி என் வீட்டார் கேட்டதில்லை. அப்பா கற்பூரத் தட்டோடு நின்றவர் நின்றபடியே எந்த முத்திரை என்றார். வார்த்தையால் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பின்கட்டுக்கு ஓடி நோட்டை எடுத்துவந்து நீட்டினேன். அப்பா கை நீட்டுவதற்குள் அம்மா அதை வாங்கிக்கொண்டாள். இன்று புத்தகம் திறக்கக் கூடாது, நாளைக்குத்தான் என்று சொல்லி, அட்டையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, வாளுக்குப் பக்கத்திலேயே நோட்டை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்த நோட்டு அன்று முழுவதும் பொட்டு வைத்துக்கொண்டு கருங்கல் சந்தைக்கு முன்னால் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். திறக்க முடியவில்லையே என்றும் கொதித்தேன். இரண்டும் சேர்ந்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஜயதசமி காலையில் அப்பாதான் முதலில் திறந்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான்கைந்து பக்கம் புரட்டினார். “இதெல்லாம் நீ எழுதினதா?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் மேலும் புரட்டினார். முத்திரை இருக்கிற பக்கத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றார். ஜெயசிங் சாரின் கேள்விக்கு இதுதான் பதில் என்று சொன்னேன். அவர் வாளை எடுத்து, வெறுமையாக இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தார். அப்பா இரக்கமில்லாத மனிதர் இல்லை. அவர் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததை முழுக்க அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

“சுயம்புலிங்கத்துக்கிட்ட சொன்னா அதே மாதிரி வெட்டித் தந்துருவான்” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“என்ன பாக்கே? இருந்ததத்தானே திரும்ப வைக்கோம். இல்லாததயா வைக்கோம்?”

இதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அன்று தேடினேன், கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ரொம்பவும் தேடவில்லை. அந்த முத்திரையை மறுபடி அந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அப்பாவோடு நானும் உலைக்குப் போனேன்.

சுயம்புலிங்கம் ஆசாரி நோட்டை வாங்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்தார். அந்தப் பக்கத்தைத் தாள் மடங்காமல் வாளின் மேல் வைத்து, நூலால் கட்டி, கூரான ஆணியால் நான் தேய்த்தெடுத்த எழுத்துகளின் மேலேயே பொட்டுப் பொட்டாகக் குத்தினார். தாளை எடுத்தால் இரும்பில் புள்ளிகள் விழுந்திருந்தன. அந்தப் புள்ளிகளின் வழியே சிற்றுளியை வைத்துத் தட்டினார். “எனக்க அப்பன் லந்தக்காரன் இல்ல. ஆனாலும் அவனுக்க கையெழுத்த நான் போடுதேன் பாத்தியா நாகு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கைக்கரி நோட்டில் கட்டைவிரல் அளவுக்கு அப்பியது. ‘ஏ’ எழுத்தை அவர் கொஞ்சம் சாய்த்துவிடப் பார்த்தார். நேராக வர வேண்டும் என்று நான்தான் விரலை வைத்துக் காட்டினேன்.

முத்திரை அச்சாக அப்படியே வந்தது. உப்பும் புளியும் தடவி இரண்டு நாள் மண்ணில் புதைத்து வைத்தால் பழையதுபோல ஆகிவிடும் என்றார் ஆசாரி. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அது பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவும், ஆமாம், நாம் ஏமாற்று வேலை செய்யவில்லையே என்றார். எங்கள் இருவருக்கும் அப்போது மனது சுத்தமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அழுகை வருகிறது.

ஜெயசிங் சார் அடுத்த வியாழக்கிழமை வந்தார். குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மீன் வெட்டுகிற வாள் இருக்கிறதா என்று அவரே கேட்டார். அப்பா அதைப் புதுத் துண்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

அதன் பளபளப்பைப் பார்த்ததுமே சாரின் முகம் வாடியது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்பா முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். சார் லென்ஸை எடுத்தார்.

நான் முன்னே வந்தேன். “இது லந்தக்காரனுக்க வாளு சாரே” என்றேன்.

குரல் வந்தது. தடுமாறாமல், அண்டாவுக்குள் சொன்னதைவிட நன்றாக வந்தது. சார் லென்ஸிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று அந்தக் கணத்தில் கேட்டிருப்பார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். பூசைக்காகச் சாணை பிடித்ததையும், அதில் முத்திரை போய்விட்டதையும், அதே அச்சில் திரும்ப வெட்டி வைத்ததையும், இருந்ததைத்தான் வைத்ததையும் சொன்னார். ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, ஒரு கடைக்காரர் சொல்கிற கதைபோலவே அது இருந்தது. எனக்கே அப்படித்தான் கேட்டது. சார் தலையைக் குனிந்து மறுபடி லென்ஸில் பார்த்தார். புதிதாக வெட்டிய எழுத்தின் ஓரங்கள் கதவு வெளிச்சத்தில் மின்னின.

நான் நோட்டை அவர் கையில் வைத்தேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். கூர்க்காக் கத்தி இருந்த பக்கத்தில் நிறுத்தினார். இடதுகைக்காரரின் கொம்புப் பிடியில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டு மறுபடி அதற்கே திரும்பி வந்தார். அப்பாகூடப் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு அந்தப் பக்கம் வந்தது.

காசும் முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுவே ஆசாரியின் கட்டைவிரல் கரி. சார் அந்தத் தாளைத் தனியாகத் தூக்கி, கதவுப் பக்கம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஆணித் துளைகள் வழியே வெளிச்சம் வந்தது. ‘வி’ ஒளிப் பொட்டுகளாக நின்றது. அதன் காலில் ‘ஓ’, இன்னொரு காலில் ‘சி’, மேலே நேராக நான் நிறுத்திவைத்த ‘ஏ’. காசைப் பார்த்து வாளில் கொத்துவதற்கென்று செய்த அச்சுத் தாள்போலவே அது இருந்தது.

துளைகள் பிறகு வந்தவை, பென்சில் அதற்கு முந்தியது, தேதியைப் பாருங்கள், கயிற்றுக்கு அடியில் இருந்தது, முட்டத்தில் போய்க் கேளுங்கள் என்று எல்லாம் எனக்குள் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் நான் சொல்லிப் பழகியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

சார் நோட்டை மூடினார். தராசுத் தட்டில் அதை வைத்தார், தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. வாளைத் துண்டின் மேல் வைத்து, துண்டின் ஓரத்தை எடுத்து அதை மூடினார். லென்ஸைப் பைக்குள் போட்டார். அப்பா, சாரே, சாரே என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, தக்கலை பஸ் நிற்கிற பக்கமாக நடந்து போனார்.